அளவெடுத்துத் தைத்த வாய்ப்பூட்டு

காலை வெயில் தெருவின் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே விழுந்திருந்த வேளையில், தோல்பைகள் தைக்கும் அந்தப் பட்டறையின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. மாடிப்படியிலிருந்து இறங்கி வந்த பெண்ணின் ஒரு கையில் கம்பளிச் சட்டை மடித்துத் தொங்கியது. மறு கையில் நாயின் கயிறு இருந்தது. கோடையின் உச்சத்தில் கம்பளிச் சட்டையோடு வேலைக்குப் புறப்படும் ஒரே ஆள் அத்தெருவில் அவள்தான். ஊருக்கு வெளியே உள்ள ஒரு குளிர்பதனக் கிடங்கில், உறைந்த மீனும் காய்களும் நிறைந்த பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது அவளுடைய பணி.

நாயின் பெயரும் கம்பளிதான். உடலெங்கும் அடர்ந்த முடி கொண்ட அந்த நாய், குளிர் நாட்டுக்கென்றே படைக்கப்பட்டதைப் போல் இருக்கும். வெளிநாடு சென்ற ஒரு தோழி விட்டுச் சென்றதை அவள் எடுத்து வளர்த்தாள். கணவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிவந்த அவளுக்கு, மாலையில் கதவைத் திறந்ததும் ஓடி வந்து வரவேற்க அந்த ஓர் உயிர்தான் இருந்தது.

பட்டறையில் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த ஒல்லியான தொழிலாளியை எல்லோரும் நூலு என்றே அழைப்பர். அவன் தலையை நிமிர்த்தாமலேயே பேசினான்.

"மாஸ்டர், அக்கா வந்துட்டாங்க. ஒரு கம்பளிய கையில எடுத்துட்டுப் போவாங்க, இன்னொரு கம்பளிய நம்ம தலையில கட்டிட்டுப் போவாங்க."

"உன் வாய்க்கு ஒரு தையல் போடணும்டா," என்றாள் அவள் சிரித்தபடி. பிறகு பட்டறையின் மாஸ்டரான அண்ணனிடம் திரும்பினாள். "அண்ணா, தண்ணிக் கிண்ணத்த ஃபேனுக்குக் கீழயே வெச்சிரு. மதியம் ஒரு தடவ மாத்திடு, சூடாயிடும். தெருவுல நடக்க விடாத. தார் ரோடு கொதிக்குது, பாதம் வெந்துடும்."

"தினமும் இதே பாட்டா? பாப்பா, உன்னையே இடுப்புல தூக்கி வளர்த்தவன் நான். ஒரு நாயப் பார்த்துக்க மாட்டேனா? நிம்மதியாப் போ."

நாற்பது வயதைக் கடந்த பின்னும் அவரிடமிருந்து அவளுக்கு மாறாத பெயர் பாப்பா. அவள் கயிற்றை அண்ணனின் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. மனிதன் யாரை முழுமையாக நம்புகிறானோ அவரிடமிருந்து விடைபெறும்போதுதான் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். அவளுடைய மாடி அறை நேரே கூரைத்தளத்தின் கீழ் இருந்தமையால், பகலில் அதன் சுவர்கள் அடுப்பைப் போல் கனலும். கீழ்த்தளத்துப் பட்டறையிலோ தடித்த சுவர்கள் இருந்தன. இரண்டு பெரிய மின்விசிறிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக அண்ணன் இருந்தார்.

அவள் தெருமுனையில் மறைந்ததும் அண்ணன் எழுந்தார். அளவு மேசையின் இழுப்பறையைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒரு பொருளை வெளியே எடுத்தார். அதைக் கண்டதும் கம்பளி வாலை ஆட்டிக்கொண்டு அருகில் வந்தது. அவர் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார். அது தின்று முடித்ததும், கட்டளை எதுவும் இன்றித் தானாகவே மூக்கை நீட்டி, அவருடைய உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தது. அவர் அந்தத் தோல் வாய்ப்பூட்டை மாட்டி, வாரின் பக்கிளை இறுக்கினார். பிறகு நாயை மாடிக்கு மேலே, மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்றார்.

அவர் கொடியவர் அல்லர் என்பதை வாசகர் அறிதல் வேண்டும். தொழில் வட்டாரத்தில் அவருக்கு அளவு மாஸ்டர் என்று பெயர். ஒருமுறை பார்த்த பையின் அளவை நாடா இல்லாமலே சொல்வார். அவர் தைத்த பையின் மூடி, வாயோடு பொருந்தும்போது இடையில் ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது. அத்தகையவருடைய பட்டறைக்குள் கோடை வந்தபோதுதான் இடர் தொடங்கியது. வெப்பம் கூடக் கூடக் கம்பளியின் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மின்விசிறியின் காற்றில் அது பறந்தது, பசை தடவிக் காயவைத்திருந்த தோல் துண்டுகளின்மேல் படிந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் வாடிக்கைக் கடைக்காரர் ஒரு பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, அதன் உள்மடிப்பிலிருந்து நீண்ட முடி ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் மெதுவாக உரித்தெடுத்தார்.

"என்ன மாஸ்டர், இது எந்த ஊர்த் தோலு? பையாத் தைச்ச பிறகும் முடி வளருதே!"

தொழிலாளர் சிரித்தனர். மாஸ்டரும் சிரித்தார், சிரித்தபடியே அந்தப் பையை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளினார்.

அன்றே அவர் தங்கையிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பார்த்துக்கறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்ட ஒருவர், "முடியவில்லை" என்று சொல்வதைத் தமக்கு நேரும் இழிவாகக் கருதினார். ஆதலால் சொன்ன சொல்லைக் கைவிட்டு, அதைக் காப்பாற்றுவது போன்ற தோற்றத்தை மட்டும் காப்பாற்றத் துணிந்தார்.

மொட்டை மாடியில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. காலையில் அதன் நிழல் அகலமாக விழும். அந்த நிழலில் நாயைக் கட்டி, பக்கத்தில் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, அவர் மன நிறைவோடு கீழே இறங்கினார். நிழல் நகரும் என்பதையும், கட்டிய கயிறு நிழலோடு நகராது என்பதையும் அவர் எண்ணவில்லை. முதல் நாள் கம்பளி இடைவிடாது குரைத்தது. அடுத்த வீட்டார் சன்னலைத் திறந்து சத்தமிட்டனர். எனவே மறுநாள் அவர் நாடாவை எடுத்து நாயின் மூக்கை அளந்தார்.

அந்த அளவெடுப்பை அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாடா மூக்கில் பட்டபோதெல்லாம் கம்பளி அதை நக்கியது. மாஸ்டர் பைகளுக்கென வைத்திருந்த மெல்லிய தோலை வெட்டினார். தேயாதிருக்க உட்புறம் ஆட்டுத்தோல் கொடுத்தார். இரட்டைத் தையல் போட்டார். மாட்டிப் பார்த்தபோது வாய்ப்பூட்டு, நாயின் தோலோடு பிறந்த தோலைப் போல் பொருந்தியது.

"இவ்வளவு இறுக்கமா இருக்கேங்க," என்றாள் மனைவி. "வாயத் தொறக்க முடியுமா அதால?"

"தொறந்தா குரைக்கும். குரைக்காம இருக்கத்தானே இது?"

"மூச்சு?"

"மூக்குத்தான் வெளிய இருக்கே! பேசாம உள்ள போ."

மனிதனுக்கு வெப்பம் மிகும்போது உடலெங்கும் வியர்த்துக் குளிர்கிறது. நாய்க்கு அந்த வழி இல்லை என்றே சொல்லலாம். அது வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டி, வேகமாக இரைத்து, அந்த ஈரக் காற்றின் வழியாகவே உடற்சூட்டை வெளியேற்றுகிறது. எல்லாவற்றையும் அளந்த மாஸ்டர், அந்த வாய் எதற்காகத் திறக்கிறது என்பதை மட்டும் கேட்டுப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு மாலையும், தங்கை வருவதற்கு முன் அவர் மாடிக்குச் செல்வார். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தபடியே நிறைந்திருக்கும்.

"பாருடா நூலு, ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல," என்பார் கீழே வந்து. "தாகம் எடுத்தாத்தானே குடிக்கும்? பாப்பா சும்மா பயப்படுது."

நூலு ஊசியில் நூலைக் கோப்பதில் கவனமாக இருப்பான். பூட்டிய வாயால் எப்படிக் குடிக்கும் என்ற கேள்வி அங்கிருந்த எவருக்கும் எழாமல் இல்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்று அவனும், வீட்டில் சண்டை வந்துவிடுமோ என்று மாஸ்டரின் மனைவியும் அதை விழுங்கிக்கொண்டனர்.

பிறகு மாஸ்டர் வாய்ப்பூட்டைக் கழற்றிவிட்டு, பின்கட்டுக் குழாயடியில் நாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார். குழாயைத் திறந்ததும் கம்பளி அதன் வாயிலேயே வாயை வைத்துக் குடிக்கும். முடியின் சூடு ஆறும் வரையில், மாடித் தூசி கழுவப்படும் வரையில், அவர் ஊற்றிக்கொண்டே இருப்பார். தங்கை வரும்போது நாய் ஈரமாக, மின்விசிறியின் கீழ் படுத்திருக்கும்.

அவள் அந்த ஈர முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். "இன்னிக்கும் குளிச்சியாடா? மாமா குளிப்பாட்டினாரா? ராஜ வாழ்க்கைதான் போ!"

கிடங்கில், மூச்சு வெண்புகையாகக் கிளம்பும் அறையில் நின்றுகொண்டு, உடன் பணிபுரிவோரிடம் அவள் அதையே சொல்வாள். "எங்க அண்ணன் என் நாயத் தினமும் குளிப்பாட்டுறான். பெத்த பிள்ளையக்கூட எந்த ஆம்பளையும் அப்படிப் பார்க்கமாட்டான். எனக்கு அவன் ஒருத்தன் போதும்."

ஒரு மாலை அவள் கம்பளியின் மூக்குத்தண்டில் முடி உதிர்ந்து வெளுத்த ஒரு கோட்டைக் கண்டாள்.

"இது என்ன அண்ணா, கோடு மாதிரி?"

"மேசைக்கு அடியில மூக்க நுழைச்சு நுழைச்சுத் தேய்க்குது," என்றார் மாஸ்டர், கண்ணிமைக்காமல். "திமிரு. நீ குடுக்கற செல்லம்."

அவள் நம்பினாள். நம்பியதோடு, எண்ணெய் எடுத்துவந்து அந்தக் கோட்டின்மேல் விரல் நுனியால் தடவினாள். தேநீரோடு வந்த அண்ணி அதைக் கண்டு, கோப்பையை வைத்துவிட்டு, நிற்காமல் உள்ளே போய்விட்டாள். அவள் அன்று கணவனிடம் முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

"பாப்பா எண்ணெய் தடவறதப் பார்க்க முடியலைங்க. என் நெஞ்சே பதறுது. சொல்லிடுங்க."

"சொல்லி? இத்தனை நாளும் நான் பொய் சொன்னேன்னு ஊர் சிரிக்கறதுக்கா? வெயில் கொஞ்சம் இறங்கட்டும். எல்லாம் தன்னால சரியாயிடும்."

வெயில் இறங்கவில்லை. அடுத்த வாரத்தில் ஒருநாள், காலையிலேயே காற்று நின்றுவிட்டது. காக்கைகள்கூடச் சுவரோரத்தில் அலகைத் திறந்துகொண்டு நின்றன. நண்பகலில், சூட்டைத் தாங்காமல் குளிர்பதனக் கிடங்கின் இயந்திரமே நின்றுபோயிற்று. பெட்டிகளை வேறு கிடங்குக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, மேலாளர் பணியாளரை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கம்பளிச் சட்டையைத் தலைமேல் முக்காடாகப் போட்டுக்கொண்டு அவள் பட்டறைக்குள் நுழைந்தாள். அண்ணனைத் திகைக்க வைக்கலாம் என்ற சிறு மகிழ்ச்சி அவள் முகத்தில் இருந்தது. இரண்டு மின்விசிறிகளும் சுழன்றன. பசை தடவிய தோல் துண்டுகள் மேசைமேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றில்கூட ஒரு முடி இல்லை. மின்விசிறியின் கீழ் நாயும் இல்லை, கிண்ணமும் இல்லை.

"கம்பளி எங்க?"

நூலுவின் கால் மிதிப்பதை நிறுத்தியது.

"வா, வா பாப்பா! என்ன இவ்வளவு சீக்கிரம்?" என்று மாஸ்டர் எழுந்தார். "கம்பளியா? இப்பத்தான், உங்க அண்ணி கூட்டிக்கிட்டு, பின்னாடி நிழல்ல ஒரு நடை..."

அவர் முடிப்பதற்குள், உட்கதவைத் திறந்துகொண்டு அண்ணி தனியே வந்து நின்றாள்.

"அண்ணி, கம்பளி எங்க?"

அண்ணி கணவனைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தாள். அத்தனை நாளும் அவள் சொல்லாமல் வைத்திருந்த உண்மை முழுவதும் அந்த ஒரு பார்வையில் வெளிவந்தது.

தங்கை மாடிக்கு ஓடினாள். மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாள் விரலைச் சுட்டது. வெளியே வெளிச்சம் கண்ணைக் குருடாக்கியது. தொட்டியின் நிழல் எதிர்ப்பக்கத்தில் விழுந்திருந்தது. கட்டிய கயிறு அங்கே எட்டவில்லை. எட்டும் தொலைவில், தொட்டியிலிருந்து இறங்கிய குழாயின் நிழல் ஒரு குச்சியைப் போல் தரையில் கிடந்தது. கம்பளி தன் உடல் முழுவதையும் வெயிலில் கிடத்தி, அந்தக் குச்சி நிழலுக்குள் மூக்கை மட்டும் வைத்துப் படுத்திருந்தது. பக்கத்தில் கிண்ணம் நிறையத் தண்ணீர், கை வைக்க முடியாத சூட்டில்.

அவள் குரல் கேட்டு வாலின் நுனி ஒருமுறை அசைந்தது. அவ்வளவே.

அவள் மண்டியிட்டுப் பக்கிளை இழுத்தாள். அது நகரவில்லை. எச்சிலில் ஊறி ஊறி, வெயிலில் காய்ந்து காய்ந்து, தோல் மரக்கட்டையாக இறுகியிருந்தது. நனைந்த தோல் காய்ந்தால் சுருங்கும் என்பதைப் பட்டறைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் பாடமாகச் சொல்பவர் மாஸ்டர். அவர் அப்போது மூச்சிரைக்கப் படியேறி வந்து நின்றார்.

"இது கழலல! எடு! இத எடு!" என்று அவள் அலறினாள்.

அவர் இடுப்பிலிருந்த தோல் வெட்டும் கத்தியை எடுத்தார். ஒரு நூல் பிசகாமல் வெட்டும் கை அது. தாம் தைத்த இரட்டைத் தையலைத் தாமே அறுத்தார். வாய் விடுபட்டதும் கருஞ்சிவப்பாகத் தடித்த நாக்கு வெளியே சரிந்தது.

இருவருமாக நாயைத் தூக்கிவந்து பட்டறைத் தரையில், மின்விசிறியின் நேர் கீழே கிடத்தினர். அண்ணி கால்நடை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, மறுமுனையில் இருந்தவர் சொல்லச் சொல்ல உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

"உடம்பு பூரா பச்சத் தண்ணிய ஊத்திக்கிட்டே இருக்கணுமாம். ஃபேன் காத்து படணுமாம். துணிய நனைச்சுப் போத்தி மூடக்கூடாதாம், சூடு உள்ளயே நின்னுடுமாம். மயக்கத்துல வாயில தண்ணி ஊத்தாதீங்கன்னு சொல்றாங்க. கொஞ்சம் ஆறினதும் உடனே தூக்கிட்டு வரணுமாம்!"

நூலு வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினான். ஈரத்தோடு கிளம்பிய முடி காற்றில் பறந்து, பசை தடவிய துண்டுகள் அனைத்தின்மேலும் படிந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. பைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நாயை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. ஊசியும் குழாயும் பொருத்தி முடித்த பிறகே அவர் பேசினார். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா தூக்கிட்டே வந்திருக்க வேண்டாம். சிறுநீரகம் எப்படி இருக்குன்னு ரெண்டு மூணு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும். மூக்கச் சுத்தி இந்தத் தழும்பு? யார் கட்டினது?"

தங்கை அண்ணனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"நான்தான் டாக்டர்," என்றார் மாஸ்டர். "குரைக்காம இருக்க."

"நாய் வாயத் தொறந்து இரைக்கறதுதான் அதுக்கு வேர்வை. அத மூடிட்டு வெயில்ல கட்டினீங்கன்னா, அடுப்புல வெச்சுப் பாத்திரத்த மூடின மாதிரி. ஊசி போட வரும்போது நாங்க வாயில மாட்டற கூண்டுப் பூட்டு வேற. அதுல வாய் நல்லாத் தொறக்கும், தண்ணி குடிக்கும். அதக்கூடப் போட்டுட்டுத் தனியா விட்டுப் போகமாட்டோம்."

மருத்துவமனையின் வெளி வராந்தாவில் ஒரு மர இருக்கை இருந்தது. அதன் இரு முனைகளில் அண்ணனும் தங்கையும் அமர்ந்தனர். நடுவில் ஓர் ஆள் அமரும் இடம் காலியாக இருந்தது.

"எப்ப இருந்து?" என்றாள் அவள்.

"வெயில் ஆரம்பிச்சதுல இருந்து."

"அப்ப, சாயங்காலம் சாயங்காலம் குளிப்பாட்டினது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்தாள். ஈர முடியில் முகம் புதைத்த ஒவ்வொரு மாலையும் அவளுக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொன்றும் வந்த வேகத்தில் அழுகியது.

"கிடங்கு பூரா சொல்லிப் பெருமையடிச்சேன்," என்றாள். "என் அண்ணன் தினமும் குளிப்பாட்டுறான், தினமும் குளிப்பாட்டுறான்னு. சூடு தெரியக்கூடாதுன்னு கழுவியிருக்கீங்க. மூக்குல அந்தக் கோட்டக் காட்டிக் கேட்டேன். பக்கத்துலயே உட்கார்ந்து, நான் எண்ணெய் தடவறத வேடிக்கை பார்த்தீங்க."

பிறந்தது முதல் நீ என்றே அழைத்த தங்கையின் வாயில் நீங்க என்ற சொல் வந்ததைக் கேட்டு மாஸ்டர் நிமிர்ந்தார்.

"பாப்பா, முடி பறந்து சரக்கெல்லாம் கெட்டுது. சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு..."

"சொல்லியிருந்தா ஒருநாள் வருத்தப்பட்டிருப்பேன். கிடங்குல யார் கால்லயாவது விழுந்து ஒரு மூலைய வாங்கியிருப்பேன். நீங்க என்னை வருத்தப்பட விடல, நம்பவிட்டீங்க. அதுவும் நம்பி உங்க கையில மூக்கக் குடுத்துச்சு, நானும் நம்பிக் கயித்தக் குடுத்தேன். வாயில்லா ஜீவன்னு சொல்வாங்க. அதுக்கு வாய் இருந்துச்சு. கத்திக் கூப்பிட்டுச்சு. நீங்கதான் பூட்டினீங்க."

கூடவே வந்திருந்த அண்ணி அருகில் வந்து தோளைத் தொட்டபோது, அவள் மெல்ல விலகி எழுந்து உள்ளே சென்றுவிட்டாள். தொட்ட கை அந்தரத்திலேயே நின்றது. தானும் சொல்லாமல் இருந்தவள்தான் என்பதை அந்தக் கை அறிந்திருந்தது.

கம்பளி பிழைத்தது. நடை தளர்ந்து, உடல் மெலிந்து, சிறுநீரகத்துக்கான மருந்தோடு வீட்டுக்கு வந்தது. அதற்குள் அவள் கிடங்கின் மேலாளரிடம் பேசியிருந்தாள். கிடங்கின் வாயிற்புறத்தில், குளிரறைக் கதவின் இடுக்கு வழியே தண்காற்று கசியும் ஒரு நிழற்கூடம் உண்டு. அங்கே காவலாளியின் பார்வையில் நாயை விட்டுவைக்க அவர் இசைந்தார். "காய்கறிக்கே இவ்வளவு குளிர் குடுக்கறோம், அதுக்குக் குடுக்க மாட்டோமா?" என்றாராம்.

வெயில் ஏறுமுன் புறப்பட்ட அந்த முதல் காலையில் அவள் பட்டறையைக் கடந்தாள். கதவு முழுவதும் திறந்திருந்தது. பசை தடவும் மேசை முன்னறையில் இல்லை. உள்ளறைக்கு நகர்த்தப்பட்டு, இடையில் ஒரு கதவும் சாத்தப்பட்டிருந்தது. மின்விசிறியின் கீழ், துடைத்த தரையில், அகன்ற மண்சட்டி ஒன்றில் தண்ணீர் தளும்பியது. அதைச் செய்து முடிக்க மாஸ்டருக்கும் நூலுவுக்கும் ஒரு முற்பகல் போதுமாக இருந்தது. அத்தனை துன்பத்துக்கும் தீர்வாக வேண்டியிருந்தது ஒரு மேசையை அடுத்த அறைக்கு இழுப்பதே.

"மேசைய உள்ள போட்டுட்டேன் பாப்பா," என்றார் மாஸ்டர் வாசலுக்கு வந்து. "இனிமே முடி ஒட்டாது. மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவிய உன் அண்ணிகிட்டக் குடுத்துட்டேன். விட்டுட்டுப் போம்மா."

அவள் நின்றாள். கம்பளி நிற்கவில்லை. அவரைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு, தளர்ந்த கால்களோடு கயிற்றை இழுத்துச் சென்றது. அவருடைய கையை முகர்ந்தது. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு, வெளுத்த கோடு தெரியும் மூக்கை அவருடைய உள்ளங்கையில் வைத்து, மாட்டட்டும் என்று காத்திருந்தது.

மாஸ்டர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது உங்கள மன்னிச்சிருச்சுன்னு நினைக்காதீங்க அண்ணா," என்றாள் அவள். குரலில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "என்ன நடந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. இன்னும் நம்புது, அவ்வளவுதான். எனக்குத் தெரியும். ஒரு உயிர ஒருத்தர் கையில குடுத்துட்டுப் போறோம்னா, அதோட நிழலையும் தண்ணியையும் மூச்சையும் சேர்த்துத்தான் குடுத்துட்டுப் போறோம். முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடணும். அதுல ஒரு அவமானமும் இல்ல."

அவள் கயிற்றை மெல்ல இழுத்தாள். கம்பளி இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு சென்றது. அவள் பார்க்கவில்லை, ஆனால் முன்பு அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மாஸ்டருக்குப் புரிந்தது.

அன்று பிற்பகல் அந்த வாடிக்கைக் கடைக்காரர் வந்தார். அளவு மேசைக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி ஆணியில் ஒரு வாய்ப்பூட்டு தொங்குவதைக் கண்டார். அதன் ஒரு பக்கம் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"அட, தையல் பிரமாதம் மாஸ்டர்! உள்ள ஆட்டுத்தோலு வேற. நாய் வெச்சிருக்கறவங்க கொத்திக்கிட்டுப் போவாங்க. இதுல கொஞ்சம் போட்டுக் குடுங்களேன்."

"போடமாட்டேன்."

"ஏன்?"

"அளவு தப்பு," என்றார் மாஸ்டர்.

மிதித்துக்கொண்டிருந்த நூலு சட்டென்று நிறுத்திவிட்டுத் தலையை உயர்த்தினான். அந்தப் பட்டறையில் அச்சொல்லை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"எங்க தப்பு? கச்சிதமாத்தானே இருக்கு!"

"அந்தக் கச்சிதம்தான் தப்பு." மாஸ்டர் வாய்ப்பூட்டை வாங்கி மீண்டும் ஆணியில் மாட்டினார். மின்விசிறியின் கீழ் மண்சட்டித் தண்ணீர், குடிக்க யாருமின்றி, காலையில் ஊற்றியபடியே நிறைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "வெயில் நாள்ல நாய்க்கு வாயத் தொறந்து இரைக்க இடம் வேணும். வாய்க்கு எட்டற தண்ணி வேணும். நகர்ற நிழலோட சேர்ந்து நகர வழி வேணும். பக்கத்துல ஒரு ஆள் வேணும். இதுல ஒண்ணுக்குக்கூட நான் அளவெடுக்கல. உங்க கடைக்கு வர்றவங்ககிட்டயும் சொல்லுங்க. நான் சொன்னதாவே சொல்லுங்க."